மூன்று வாழ்த்துப் பாட்டு, ஒரு வில்

திங்கள், நாகர்கோவில்

வடசேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது மணி ஆறுகூட ஆகவில்லை, அதற்குள் சட்டை முதுகில் ஒட்டிவிட்டது. சித்திரை வெயிலில் குமரிக்குப் போகிறவனுக்குப் பைத்தியம்தான் பிடித்திருக்க வேண்டும் என்று வீட்டில் சொன்னார்கள். கொடையை, அதாவது ஊர்ச் சாமிக்கு வருஷத்துக்கு ஒருதரம் எடுக்கும் விழாவை, சித்திரையில் வைத்தால் நான் என்ன செய்ய? நண்பனின் குடும்பக் கோவில் ஈத்தாமொழிப் பக்கம் இருக்கிறது. நாளை ராத்திரி அங்கே வில்லுப்பாட்டு. "விடிய விடிய இருந்து கேக்க ஆளு இல்லாம ஆயிட்டு மக்கா, நீயாவது வா" என்று போனில் விடாமல் நச்சரித்துக்கொண்டிருந்தான்.

எனக்கும் ஒரு காரணம் இருந்தது. நாட்டுப்புறப் பாட்டு என்றாலே 'மண்ணின் குரல்', 'தேசத்தின் ஆன்மா' என்று ஆரம்பித்துவிடுகிறோம், குடியரசு தின ஊர்வலத்தில் ஒரு வண்டியின் மேல் நாலு பேரை ஆடவிட்டால் ஆன்மா வந்து சேர்ந்துவிட்டதாகக் கணக்கு. சரி, எந்த தேசம்? இந்த மாவட்டம் 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாவும் அன்றைக்குத்தான் சென்னை மாநிலத்துக்கு வந்தன. வயலும் குளமும் இருந்த இடத்திலேயே இருந்தன, மேலே இருந்த அரசு மட்டும் மாறியது. அப்படி மாறும்போது பாட்டு என்ன ஆகிறது என்று பார்க்க இதைவிட நல்ல இடம் எங்கே இருக்கிறது?

நண்பனின் பாட்டா தொண்ணூறை நெருங்குகிறார், தொடக்கப் பள்ளி வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். காது மந்தம். நினைவு மட்டும் கத்தி மாதிரி இருக்கிறது. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் என்ன பாடுவீர்கள் என்று சும்மாதான் கேட்டேன், மனிதர் நாற்காலியைப் பிடித்து எழுந்து நின்றுவிட்டார். 'வஞ்சிபூமி பதே சிரம்' என்று ஆரம்பித்து முழுசாகப் பாடினார். திருவிதாங்கூர் மகாராஜாவை வாழ்த்தும் பாட்டு, உள்ளூர் எஸ். பரமேசுவர ஐயர் என்ற மலையாளக் கவிஞர் எழுதியது. அர்த்தம் தெரிந்து பாடினீர்களா என்று கேட்டதற்கு, "அர்த்தம் கேட்டா சாரு அடிப்பாரு" என்றார்.

1949ல் திருவிதாங்கூரும் கொச்சியும் சேர்ந்தன, மகாராஜா ராஜப்பிரமுகர் (ஆளுநர் மாதிரி) ஆனார், அடுத்த ஜனவரியில் ஜன கண மன தேசிய கீதம் ஆனது, பள்ளிக்கூட முற்றத்தில் அது வந்தது. இவர் வாத்தியாராகிப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்த காலத்தில், 1970ல், தமிழ்த்தாய் வாழ்த்து வந்தது. ஒரே ஆள், ஒரே வட்டாரம், மூன்று வாழ்த்துப் பாட்டு. மூன்றிலும் ஒரு வார்த்தைகூடத் தடுமாறவில்லை. தமிழ்த்தாய் வாழ்த்தில் மட்டும் அவருக்குத் தனி மிதப்பு, ஏனென்றால் அதை எழுதிய மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை 1855ல் ஆலப்புழையில் பிறந்து, திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவம் நடத்தியவர், அதாவது திருவிதாங்கூர் சம்பளம் வாங்கியவர். "தமிழ்நாடு முழுக்க எழும்பி நின்னு பாடுகான், எழுதினது நம்ம ஆளாக்கும்!"

இந்த மூன்றில் எது உங்களுக்குப் பிடிக்கும் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "மூணும் எழும்பி நின்னு பாடுக பாட்டு மக்களே. வில்லு ஒண்ணுதான் சம்மணம் போட்டு உக்காந்து கேக்கது."

செவ்வாய், ஈத்தாமொழிப் பக்கம்

இதை எழுதும்போது மறுநாள் மத்தியானம் ஆகிவிட்டது, கண் எரிகிறது, இருந்தாலும் சூட்டோடு எழுதிவிடுகிறேன்.

கோவில் என்றால் கோபுரமெல்லாம் கிடையாது. தென்னந்தோப்புக்கு நடுவில் ஓடு போட்ட சின்னக் கட்டடம், உள்ளே இசக்கியம்மன், வெளியே சுடலைமாடனுக்கு ஒரு பீடம், கொஞ்சம் தள்ளிக் குருத்தோலை கட்டிய இரண்டு சின்னப் பீடங்கள். அவை யாருக்கு என்று பூசாரியிடம் கேட்டேன். "தம்பிமாருக்கு" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் பூ அளக்கப் போய்விட்டார்.

பத்து மணிக்கு மேல்தான் செட்டு உட்கார்ந்தது. ஆள் உயரத்தைத் தாண்டிய வில், வரிசையாக மணிகள், வில்லின் நடுவைக் குடத்தின் கழுத்தோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். அண்ணாவியின், அதாவது முன்னால் இருந்து பாடுகிறவரின், இரண்டு கையிலும் வீசுகோல். குடத்துக்காரர் ஒரு கையில் மட்டையால் குடத்தின் வாயை அடிக்க, இன்னொரு கையில் வைத்திருந்த காசு குடத்தின் கழுத்தில் டிங் டிங் என்று விழுந்தது. உடுக்கு ஒருவர், ஜால்ரா ஒருவர், கட்டை ஒருவர். பின்பாட்டு யார் பாடுகிறார்கள் என்று கேட்டால் எல்லோரும்தான். காப்பு, வருபொருள், குருவடி, அவையடக்கம் என்று தொடக்கப் பாட்டுகளை எல்லாம் வரிசையாக முடித்து நாட்டு வளத்துக்கு வந்தார்கள். அதைக் கொஞ்சம் உன்னிப்பாகக் கேட்டேன். பழையாறு ஓடுகிறது, நாஞ்சில் நாட்டில் இரண்டு போகம் நெல் விளைகிறது, கமுகும் தென்னையும் போட்டி போடுகின்றன. அந்த நாடு ஆரல்வாய்மொழியோடு முடிந்துவிடுகிறது. கணவாய்க்கு அந்தப் பக்கம் பாண்டி நாடு, வேறு சீமை. அங்கிருந்து வருகிறவன் வியாபாரியாக வருவான் அல்லது படையோடு வருவான். மதராசும் இல்லை, டெல்லியும் இல்லை, கேரளமும் இல்லை.

கதை, வலியதம்பி குஞ்சுத்தம்பி கதை. வரலாறாகச் சொன்னால் இவ்வளவுதான்: வேணாட்டு (திருவிதாங்கூரின் பழைய பெயர்) அரசன் ராமவர்மா 1729ல் இறந்தார், மருமக்கள் வழி முறைப்படி பட்டம் மகனுக்குப் போகாமல் சகோதரி வழி மருமகன் மார்த்தாண்டவர்மாவுக்குப் போனது, அரசனின் மகன்களான தம்பிமார் இருவரும் எதிர்த்தார்கள், நாகர்கோவிலில் கொல்லப்பட்டார்கள். அரசாங்க வரலாற்றில் மார்த்தாண்டவர்மாதான் திருவிதாங்கூரை உண்டாக்கியவர், 1741ல் குளச்சலில் டச்சுக்காரர்களை முறியடித்தவர், நாட்டையே பத்மநாபசுவாமிக்கு எழுதிவைத்துவிட்டு அவர் தாசனாக ஆண்டவர். தம்பிமார் ராஜத்துரோகிகள், அவர்களுக்கு இரண்டு பாரா.

வில்லில் எல்லாம் தலைகீழ். அரசன் மார்த்தாண்டவர்மா தம்பிமாரின் தங்கையைப் பெண் கேட்கிறான். அண்ணன்மார் ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்கள்: இவளுக்குப் பிறக்கும் பிள்ளைக்குப் பட்டம் உண்டா? அந்தக் கேள்வியில் பேச்சு முறிகிறது. தங்கை உயிரை விடுகிறாள். அப்புறம் அண்ணன்மாரை வஞ்சகமாக வரவழைத்துக் கொல்கிறார்கள். அண்ணாவி வெட்டு விழுகிற இடத்துக்கு வரும் முன்பே கூட்டத்துக்குத் தெரிந்துவிட்டது. வீசுகோல் வேகம் எடுத்தது, பெண்கள் குரவை இட்டார்கள், பந்தல் காலில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் திடீரென்று எழுந்து ஆட ஆரம்பித்தார். கோமரத்தாடி, அதாவது சாமி வந்து ஆடுகிறவர், அவர்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. சாயங்காலம் அவர்தான் எனக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார், அந்த முகமே இல்லை. ஊட்டுப் படைத்து, சேவல் அறுத்து, அவர் அடங்கியபோது நாலு மணி இருக்கும்.

இதை அங்கே யாரும் அரசியல் என்று சொல்ல மாட்டார்கள், நான் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள், அரசன் ஜெயித்து, அரசனின் வம்சம் ஆண்டு, அதுவும் போய், மாநிலமும் மாறி, கிட்டத்தட்ட முந்நூறு வருஷம் ஆனபிறகும் இந்தத் தோப்பில் வருஷத்துக்கு ஒருதரம் அந்த வழக்கு திரும்பவும் எடுக்கப்படுகிறது, ஒவ்வொரு வருஷமும் அரசன் தோற்கிறான். கொடை கொடுக்கிற குடும்பங்களில் யாருக்கும் தம்பிமார் சொந்தமில்லை, சாதியும் வேறு.

புதன், ஒழுகினசேரி, பூதப்பாண்டி

தூங்கி எழுந்து சாயங்காலம் அண்ணாவி வீட்டுக்குப் போனோம். அறுபது தாண்டியவர். சுவர் முழுக்கச் சான்றிதழ்கள்: டெங்கு ஒழிப்பு, வாக்காளர் விழிப்புணர்வு, பெண் குழந்தைப் பாதுகாப்பு, எல்லாவற்றிலும் வில்லிசை நிகழ்ச்சி நடத்தியமைக்காக. தேர்தலுக்கும் பாடியிருக்கிறார். எந்தக் கட்சிக்கு என்று கேட்டதும் அவர் மனைவி உள்ளேயிருந்து சிரித்தார். "எதிரும் புதிருமா ரெண்டு கட்சிக்கும் ஒரே வருஷம் பாடியிருக்காரு. மெட்டு ஒண்ணுதான், பேரை மட்டும் மாத்திக்கிடுவாரு."

வில்லைக் கோவிலுக்கு வெளியே கொண்டுபோனதில் பெரிய பங்கு இன்னொரு ஒழுகினசேரிக்காரருக்கு. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் 1908ல் பிறந்தது இங்கேதான். கொடையில் கேட்டு வளர்ந்த வில்லை மேடையில் வைத்துக் காந்தியின் கதையைப் பாடினார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அவர் சென்னைக்கு அழைத்துக்கொண்ட சுப்பு ஆறுமுகம் பிறகு வானொலி, தொலைக்காட்சி என்று வில்லை வீட்டுக்கூடம் வரைக்கும் கொண்டுவந்தார், 2021ல் பத்மஸ்ரீ வாங்கினார். சுடலைமாடன் இருந்த இடத்தில் காந்தி, ஐந்தாண்டுத் திட்டம், குடும்பக் கட்டுப்பாடு, சிறுசேமிப்பு. கேட்கிற நமக்கு இது வில்லுப்பாட்டுக்குக் கிடைத்த மரியாதையாகத்தான் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, அண்ணாவி வாயைத் திறக்கும் வரைக்கும்.

"காந்தி கதைய நல்லாப் பாடலாம் தம்பி. நானே பாடியிருக்கேன், கூட்டம் அழுவும். ஆனா காந்திக்கு யாரு ஆடுவா?"

அப்புறம் விளக்கினார். அடிபட்டு, வெட்டுப்பட்டு, நியாயம் கிடைக்காமல் செத்தவன் கோபத்தோடு சுற்றுவான். அவனுக்குப் பீடம் போட்டு, அவன் பக்கத்து நியாயத்தைச் சபையில் பாடினால்தான் அடங்குவான். பாட்டில் ஒரு அடியைக் குறைத்தால் ஆடுகிறவர் மேல் நின்று, 'என் கதையை முழுசாப் பாடு' என்று சத்தம் போடுவாராம். அரசாங்க நிகழ்ச்சியில் இருபது நிமிஷம்தான், மேடையிலிருந்து யாராவது கைக்கடிகாரத்தைக் காட்டினால் முடித்துவிட வேண்டும். வெட்டுப்பட்ட ஆள் வந்து கேட்கப்போவதில்லை, தாசில்தார்தான் கேட்கிறார்.

இந்த ஒரு வித்தியாசத்தில் விஷயம் முழுக்க அடங்கியிருப்பதாக எனக்குப் படுகிறது. வில்லை யார் வேண்டுமானாலும் வாடகைக்கு எடுக்கலாம், தேசபக்தியும் கட்சி விசுவாசமும் கொசு மருந்தும் அதில் நன்றாகவே ஏறும், வில்லுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் மேலே இருப்பவன் சொல்வதைக் கீழே இருப்பவனுக்கு எடுத்துச் சொல்ல வந்த வில்லுக்கும், மேலே இருந்தவன் செய்ததைச் சபையில் சொல்ல வந்த வில்லுக்கும் போக்கே வேறு. முன்னதைக் குறை சொல்லவில்லை, அண்ணாவி வீட்டு அரிசியில் பாதி அதில்தான் வருகிறது. கோவிலில் பாடுகிறவர்களை நாம் எப்படி வைத்திருந்தோம் என்பதும் தெரிந்ததுதானே. கன்னியாகுமரி பக்கத்துப் பூங்கனி அம்மா, சின்ன வயதிலேயே வில்லின் முன் உட்கார்ந்து, ஒரு பெண் பாடுகிறாள் என்றே ஊர் ஊராகக் கூட்டத்தை இழுத்தவர், கடைசிக் காலத்தைச் சின்ன வீட்டில் கஷ்டத்தில் கழித்து 2018ல் இறந்தார். மண்ணின் குரல் என்று பேசுகிற யாரும் மாசாமாசம் மளிகை வாங்கிக் கொடுக்கவில்லை.

பூதப்பாண்டிக்கு ஒரு எட்டுப் போய்வந்தோம். பொதுவுடைமைத் தலைவர் ஜீவா (ப. ஜீவானந்தம்) பிறந்த ஊர். 1907ல் பிறந்த குழந்தைக்கு வைத்த பெயர் சொரிமுத்து, சொரிமுத்து அய்யனாரின் பெயர், அதாவது இதே சாமிகளின் கூட்டத்திலிருந்து வந்தவர்தான். 'காலுக்குச் செருப்புமில்லை, கால் வயிற்றுக் கூழுமில்லை' என்று பாட்டாளிக்கு அவர் கட்டிய பாட்டை இன்றைக்கும் ஊர்வலங்களில் பாடுகிறார்கள். 1961ல் அவர் தொடங்கிய கலை இலக்கியப் பெருமன்றமும், கதைப்பாடல்களைத் தேடிப் பதிப்பித்த நா. வானமாமலையும் இல்லாவிட்டால் இந்தப் பாட்டுகளில் பலவற்றை நாம் படிக்கவே முடியாது. பொதுவுடைமைக்காரர்கள்தான் பேய்க்கதை என்று ஒதுக்காமல் இவற்றை முதலில் மதித்துக் கேட்டவர்கள் என்பது எனக்கு வேடிக்கையாகவும் நியாயமாகவும் தோன்றுகிறது.

வியாழன், சாமித்தோப்பு

காலையில் கன்னியாகுமரி முனை. ஒரு பாறையில் விவேகானந்தர் மண்டபம், 1970. பக்கத்துப் பாறையில் 133 அடி வள்ளுவர், 2000. இந்தியாவுக்கு ஒரு பாறை, தமிழுக்கு ஒரு பாறை, நடுவில் இப்போது ஒரு கண்ணாடிப் பாலம். படகுக்கு இருந்த வரிசையைப் பார்த்துவிட்டு வெளியே அக்கானி குடித்துவிட்டு (பதநீர் என்று கேட்டால் ஒரு மாதிரி பார்க்கிறார்கள்) சாமித்தோப்புக்குப் பஸ் பிடித்தோம்.

அய்யா வைகுண்டர் பதி, அவரை வழிபடுகிறவர்களின் கோவில். ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத் தலையில் துண்டைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். ஒடுக்கப்பட்ட சாதி ஆண்கள் தலைப்பாகை கட்டக் கூடாது என்று இருந்த நாட்டில், சாமி முன்னால் கட்டாயம் கட்டு என்று சொன்ன மனிதர். உள்ளே சிலை கிடையாது, கண்ணாடியும் விளக்கும்தான். கண்ணாடியில் தலைப்பாகையோடு நம் முகமே தெரிகிறது. நெற்றியில் நாமம் இழுத்துவிட்டவர் "அய்யா உண்டு" என்றார். நானும் சொன்னேன்.

உச்சிப்படிப்புக்கு (மத்தியானத்தில் ஓதுவது) சரியாகப் போய்ச் சேர்ந்தோம். வாத்தியம் பெரிதாக இல்லை, ஒருவர் சொல்ல மற்றவர்கள் சேர்ந்து சொல்ல, ஒரே அலைவரிசையில் ஏறி இறங்கும் ஓதல். கார்த்திகையில் வந்தால் பதினேழு நாள் திருஏடு வாசிப்பு, அகிலத்திரட்டு அம்மானை முழுவதும் ராகத்தோடு கேட்கலாம் என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர். 1841ல் அய்யாவின் சீடர் அரிகோபாலன் எழுதியது, பதினையாயிரம் வரிக்கு மேல். அம்மானை பெண்கள் காய் வீசி விளையாடும்போது பாடுகிற பாட்டு வடிவம். அதை எடுத்து உலகம் தோன்றியதிலிருந்து ஆரம்பித்து, நடுவில் திருவிதாங்கூர் அரசனைக் கலிநீசன் என்றும் வெள்ளைக்காரனை வெண்நீசன் என்றும் பெயர் வைத்து, அவர்கள் போட்ட வரிகளை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டி, அவர்கள் ராஜ்யம் அழிந்து தர்ம யுகம் வரும் என்று முடிக்கிறது. 'தாழக் கிடப்பாரைத் தற்காப்பதே தர்மம்' என்ற வரி வெளியே சுவரில் எழுதியிருந்தது. அரசன் உயிரோடு ஆண்டுகொண்டிருந்த காலத்தில், அவனுடைய நாட்டுக்குள்ளேயே உட்கார்ந்து எழுதிய பாட்டு இது. ஏட்டில் இருந்து, வாய் வாயாக ஓதப்பட்டு, 1939ல்தான் அச்சுக்கு வந்தது. ஏட்டுச்சுவடிக்குத் தணிக்கை அதிகாரி கிடையாது என்பது நல்ல வசதி.

அய்யாவைப் பிடித்துத் திருவனந்தபுரம் சிங்காரத்தோப்புச் சிறையில் வைத்த அரசன் யார் என்று பார்த்தால், சுவாதித் திருநாள். கர்நாடக சங்கீதம் கேட்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, நவராத்திரி கீர்த்தனைகள் எழுதிய அதே சுவாதித் திருநாள். நானும் அந்தக் கீர்த்தனைகளை ரசித்துக் கேட்கிறவன்தான், இனிமேலும் கேட்பேன். ஆனால் சட்டையில்லாமல் தலைப்பாகையோடு அந்தப் பதியில் உட்கார்ந்திருந்தபோது அது மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரே நாடு, ஒரே பத்தாண்டுகள். அரண்மனையில் ஒரு சங்கீதம் உருவாகிறது, அரண்மனை சிறையில் போட்ட மனிதரைச் சுற்றி இன்னொன்று உருவாகிறது. முதலாவதற்கு சபா இருக்கிறது, விமர்சகர் இருக்கிறார், டிசம்பர் சீசன் இருக்கிறது. இரண்டாவதை இசை என்ற தலைப்பில் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை, சமூக சீர்திருத்தம் என்ற தலைப்பில் போட்டுவிடுகிறார்கள்.

இந்த ஊரில் தோளில் சீலை போட்டுக்கொள்ளப் பெண்கள் 1822லிருந்து போராடி 1859ல்தான் அரசாணை வாங்கினார்கள் என்பதையும் சேர்த்து யோசித்தால், வரிப் பட்டியலைப் பாட்டாகப் பாடுவது ஏன் இத்தனை முக்கியமாக இருந்தது என்று புரிகிறது.

வெள்ளி, பத்மநாபபுரம், புதுக்கடை

பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டுக்குள் இருக்கிறது, நிர்வாகம் கேரளத் தொல்லியல் துறை. டிக்கெட் கொடுப்பவர் மலையாளத்தில் விலை சொன்னார், நண்பன் தமிழில் சண்டை போட்டான், இருவருக்கும் முழுசாகப் புரிந்தது. மர வேலைப்பாட்டைப் பற்றி எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். எனக்கு இங்கே பார்க்க வேண்டியிருந்தது நவராத்திரி ஊர்வலம் புறப்படும் இடம். ஒவ்வொரு வருஷமும் இங்கிருந்து சரஸ்வதி, வேளிமலையிலிருந்து குமாரசாமி, சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கை மூவரும் திருவனந்தபுரத்துக்குப் புறப்படுகிறார்கள். உடைவாள் கைமாறுகிறது, இரண்டு மாநிலப் போலீசும் மரியாதை செலுத்துகிறது. அரசன் இல்லை, அவன் நாடும் இல்லை, சாமிகள் மட்டும் பழைய எல்லைப்படியே நடக்கிறார்கள். அங்கே போய்ச் சேர்ந்ததும் நவராத்திரி மண்டபத்தில் அவர்கள் முன்னால் பாடப்படுவது நேற்று சொன்ன அதே கீர்த்தனைகள்.

அங்கிருந்து புதுக்கடை. 1954 ஆகஸ்ட் 11 அன்று தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஊர்வலம் போனவர்கள் மேல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. திருவிதாங்கூர்-கொச்சியில் அப்போது முதலமைச்சர் பட்டம் தாணுப்பிள்ளையின் பிரஜா சோஷலிஸ்ட் ஆட்சி. சொந்தக் கட்சி ஆட்சியே ராஜினாமா செய்ய வேண்டும் என்று அந்தக் கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா கேட்டார், அந்தச் சண்டையில் கட்சியே பிளந்தது. அதற்குப் பின்னால் இரண்டு வருஷத்தில் மார்ஷல் நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டது நடந்தது. இங்கே தியாகிகளுக்கு நினைவுத் தூண் இருக்கிறது. நவம்பர் 1 அன்று மாலை போடுகிறார்கள். (தமிழ்நாடு நாள் ஜூலை 18 என்று 2021ல் சென்னையில் அறிவித்தாலும், இங்கே நவம்பர் 1ஐ விட்டுக்கொடுக்க யாரும் தயாராக இல்லை, டீக்கடையில் அதைப் பேச்சுக்குக் கூட எடுக்காதீர்கள்.)

தூணுக்கு முன்னால் நின்றபோது அண்ணாவியிடம் கேட்டது நினைவுக்கு வந்தது. புதுக்கடையில் சுடப்பட்டவர்களின் கதையை வில்லில் பாடுவீர்களா என்று கேட்டிருந்தேன். அவர் செட்டில் இல்லை. கட்டிக் கேட்டால் கட்டிப் பாடுவேன், நவம்பர் 1 விழாவுக்கு யாராவது கூப்பிட்டால் பாடலாம் என்றார். "அவங்கள அரசாங்கம் எடுத்துக்கிட்டுல்லா?" இதைக் குறையாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொன்னார். ஜெயித்த பக்கத்தில் செத்தவனுக்கு மாலையும் பேச்சும் உண்டு, அவன் கோபமாக அலைய வேண்டியதில்லை. வில் தேடிப் போவது தூண் கிடைக்காதவர்களைத்தான். கடற்கரை ஊர்களில் தேவசகாயம் பிள்ளை நாடகம் போடுவதும் இதே வழிதான் என்று நினைக்கிறேன். மார்த்தாண்டவர்மாவின் அரண்மனையில் வேலை பார்த்து, கிறிஸ்தவராகி, 1752ல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டவர். 2022ல் ரோமாபுரியில் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். ஊர்க்காரர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே அவர் பக்கத்துக் கதையை மேடையேற்றிவிட்டார்கள். தம்பிமாரைக் கொன்ற அதே அரசன், சாமி வேறு, மேடை வேறு, கணக்கு ஒன்று.

குழித்துறையில் கட்டன்சாயா குடிக்கும்போது ஒரு ஓய்வுபெற்ற பேராசிரியரோடு பேச்சு. இந்தக் கதைப்பாடல்களை மலையாள இலக்கிய வரலாற்றில் 'தெக்கன் பாட்டு' என்று சேர்த்துக்கொள்கிறார்கள், தமிழில் நாம் 'தமிழ்க் கதைப்பாடல்' என்று சேர்த்துக்கொள்கிறோம், பாட்டு என்னவோ ஒன்றேதான். யாருடையது என்று கேட்டேன். "பாடுதவனுக்கு மொழி தெரியும், மாநிலம் தெரியாது" என்றவர், உடனேயே, "இருந்தாலும் அது தமிழாக்கும்" என்று சேர்த்துக்கொண்டார்.

சனி, கணியாகுளம்

நாகர்கோவிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, ஆட்டோக்காரருக்கு நான் எதற்கு அங்கே போகிறேன் என்பது கடைசி வரைக்கும் புரியவில்லை. 1635 வாக்கில் மதுரை திருமலை நாயக்கரின் படை இங்கே வந்தது. வேணாட்டுப் பக்கம் நின்ற மந்திரி இரவிக்குட்டிப் பிள்ளை இங்கே வெட்டுப்பட்டார். இரவிக்குட்டிப் பிள்ளை போர் என்ற கதைப்பாடல் அவருடையது. கெட்ட கனவு கண்டோம், போகாதே என்று தாயும் மனைவியும் தடுக்கிறார்கள். போகிறார். பொறாமை பிடித்த கூட்டாளிப் பிள்ளைமார் களத்தில் கைவிடுகிறார்கள். தமிழில் பாடப்படும் பாட்டு, நாயகன் வேணாட்டுக்காரன், எதிரி மதுரையிலிருந்து வந்தவன். மதுரைப் படையை நடத்தி வருகிறவன் இராமப்பய்யன். அந்த இராமப்பய்யனுக்கு மதுரைப் பக்கம் தனியாக ஒரு அம்மானை உண்டு, சேதுபதியோடு அவன் நடத்திய போரைப் பாடுவது, அதில் அவன்தான் நாயகன். தமிழ்நாட்டின் ஒன்றுபட்ட வீர மரபு என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த இரண்டையும் அடுத்தடுத்த நாள் கேட்க வேண்டும்.

போர் நடந்ததாகச் சொல்லப்படும் பக்கம் வீடுகள் வந்துவிட்டன, வாழை போட்டிருக்கிறார்கள். ஒரு டீக்கடையில் இரவிக்குட்டிப் பிள்ளை பேரைச் சொன்னேன். பெஞ்சில் இருந்த மூன்று பேரில் ஒருவருக்குக் கதை தெரிந்திருந்தது. அவர் போரைப் பற்றி ஒன்றும் பேசவில்லை, காட்டிக்கொடுத்தவர்களைத்தான் திட்டினார், அதுவும் நேற்று நடந்ததுபோல, இன்னார் குடும்பம் என்று பெயர் சொல்லி. அந்தப் பெயர்களை இங்கே எழுத முடியாது, இன்னும் ஊரில் இருக்கிறார்கள்.

மத்தியானம் நண்பன் போன் செய்தான். கொடைக் கணக்கு முடிக்கிற கூட்டத்தில் இருக்கிறானாம், பின்னால் சத்தம் பலமாகக் கேட்டது. அடுத்த வருஷம் வில்லை நிறுத்திவிட்டுச் சிங்காரி மேளம் வைக்கலாம் என்று இளவட்டங்கள் சொல்கிறார்கள், பணம் போடுகிறவர்கள் அவர்கள்தான், வளைகுடாவிலிருந்து அனுப்புகிறார்கள், போனில் வீடியோ பார்க்க மேளம்தான் நன்றாக இருக்கும் என்கிறார்கள். பெரியவர்கள் வில் இல்லாமல் கொடை இல்லை என்கிறார்கள். ஒன்பது மணியிலிருந்து பதினொன்று வரைக்கும் வில், அப்புறம் மேளம் என்று நடுவில் ஒருவர் சமாதானம் சொல்லியிருக்கிறார்.

"ரெண்டு மணி நேரத்துல தம்பிமாரு கதைய எங்கோடி முடிக்க?" என்று கேட்டேன்.

"அதத்தான் கோமரத்தாடி கேட்டுக்கிட்டு நிக்காரு, போன வை, அடி விழுந்துரும்போல இருக்கு" என்று வைத்துவிட்டான்.